தேக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் கொங்குப் பக்கம் என்ன மரம் வாங்கலாம், எங்கே வாங்கலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு மாடியில் மரவேலை பழகுகிறீர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வால்நட், ஓக், மேப்பிள் என்று எடுத்து இழைக்கிறார்கள். இங்கே மரக்கடையில் போய்க் கேட்டால் தேக்கைக் காட்டி, கன அடி நாலாயிரம், ஐயாயிரம் என்கிறார்கள். பிளைவுட் வேண்டாம், நல்ல கடின மரம் கட்டுப்படியான விலையில் இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும் என்பது உங்கள் கேள்வி. கடையைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடையில் போய் நின்று தேக்குக்குப் பதிலாக எதைக் கேட்பது என்று தெரியாததுதான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. அது தெரிந்துவிட்டால் திருப்பூரிலேயே மரம் கிடைக்கும்.

கோவையில் 22 வருடமாக நாற்காலி, மேசை, அலமாரி செய்கிற பட்டறை வைத்திருக்கிறேன். மரத்தின் குணத்தைப் பற்றியும் அளவுக் கணக்கைப் பற்றியும் நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். விலை அப்படியல்ல. மரம் அறுக்கிற மில்லுக்கு மில், மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் எது எதைவிட மலிவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மரம் தேடுவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஒரு சின்ன ஸ்டூல் செய்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றரை அடி நீளம், 12 அங்குல அகலம், ஓர் அங்குல கனத்தில் மேல்பலகை: 0.125 கன அடி. ஒன்றே முக்கால் அங்குலச் சதுரத்தில் ஒன்றரை அடிக் கால் நாலு: 0.128. மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனத்தில் குறுக்குச்சட்டங்கள் எல்லாம் சேர்ந்து நாலு அடி: 0.083. மொத்தம் 0.34 கூட வராது. இழைப்பில் போவது, வெடிப்பு, முடிச்சு என்று சேதாரம் சேர்த்தால் அரைக் கன அடி. தேக்கிலேயே செய்தாலும் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் ஆகும். பாதி விலை மரத்தில் செய்தால் ஆயிரம் மிச்சம். ஒரே ஒரு ஸ்டூலுக்காக மாவட்டம் முழுக்க அலைந்தால் பெட்ரோலுக்கே அந்தப் பணம் போய்விடும். ஆனால் நீங்கள் பழகுகிறவர். இரண்டு ஸ்டூலைக் கெடுத்துத்தான் மூன்றாவது ஒழுங்காக வரும். அந்த இரண்டுக்குத் தேக்கை வெட்டக் கை நடுங்கும். அதற்காகவே மலிவான மரம் வேண்டும் என்பது என் கருத்து.

இனி, நம் ஊர் மரக்கடையில் தேக்கு ஏன் அந்த விலை சொல்கிறது என்று பாருங்கள். கடைக்காரர் நிலைக்கும் கதவுக்கும் மரம் விற்கிறவர். ஏழு அடி நீளம், வெடிப்பு இல்லாமல், நேராக, வெள்ளை (தோலை ஒட்டிய வெளிர்ப் பாகம்) இல்லாமல் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு வைத்திருக்கிற சரக்கு அது. உங்களுக்கு ஏழு அடி எதற்கு? மேலே போட்ட ஸ்டூலில் ஒன்றரை அடிக்கு மேல் ஒரு துண்டும் கிடையாது. நிலை, கதவு செய்கிற பட்டறைகளில் நீளம் வெட்டியதுபோக ஒரு அடி, இரண்டு அடி, இரண்டரை அடித் துண்டுகள் மூலையில் கிடக்கும். நல்ல வைரமான (கெட்டியான உள்பாகமான) தேக்கும் கோங்கும் அதில் இருக்கும். பெரும்பாலும் அவை எடை போட்டோ, மொத்தமாக ஒரு விலை பேசியோ போகும்; சில இடங்களில் விறகோடு விறகாகப் போகும். மாசக் கடைசியில் போய் ஆசாரியிடம் மரியாதையாகக் கேட்டு, நீங்களே குவியலைக் கிளறி எடுத்துக்கொள்ளுங்கள். நான் தொழில் தொடங்கிய முதல் இரண்டு வருடம் பட்டறையில் செய்த சின்னச் சாமான் அத்தனையும் இப்படி வந்த துண்டில்தான். ஒருமுறை செய்த பொருளைக் கொண்டுபோய் அந்த ஆசாரியிடம் காட்டினால் அடுத்த முறை உங்களுக்கென்று எடுத்து வைப்பார். காட்டுங்கள்.

அடுத்தது இடிப்பு மரம். ஈரோடு, காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி என்று எங்கே போனாலும் பழைய ஓட்டு வீடுகள், தொட்டிக்கட்டு வீடுகள் இடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. தூணும் விட்டமும் சட்டமும் கதவும் பழைய சாமான் கடைகளுக்கு வருகின்றன. கதவுக்கும் செதுக்கிய தூணுக்கும் ஓட்டல்காரர்கள் போட்டி போடுவதால் அவற்றை விட்டுவிடுங்கள். ஓட்டுக்கு அடியில் இருந்த சட்டம், உடைந்த சன்னல் நிலை, மாடிப்படிப் பலகை இவற்றைக் கேளுங்கள். ஐம்பது அறுபது வருடம் கூரைச் சூட்டில் கிடந்த மரம் இனிமேல் சுருங்குவது மிகக் குறைவு. இது உறுதி. ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, ஆணி. கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். தலை ஒடிந்து உள்ளே நிற்கிற ஒரு ஆணி போதும், இழைப்புளியின் தகடு போச்சு. இரண்டாவது, துளையும் நுனி அரிப்பும். சுவருக்குள் இருந்த ஒரு அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த நீளத்தைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். மூன்றாவது, பழைய பெயின்ட். அதில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். பெயின்ட் அடிக்காத சட்டமாகப் பார்த்து எடுப்பது நல்லது.

எனக்கு ரொம்பப் பிடித்த வழி தோட்டத்து மரம். கொங்கு நாட்டில் தோட்டத்து வேலியிலும் சாளை (தோட்டத்து வீடு) வாசலிலும் வேம்பு, வாகை, பூவரசு, புளி, மா, பலா, தூங்குமூஞ்சி இல்லாத இடம் குறைவு. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெள்வேல் நிற்கும். ஆடிக் காற்றில் சாய்கிறது, போர்வெல் வண்டிக்கு வழிவிட வெட்டுகிறார்கள், வீடு கட்ட இடம் வேண்டும் என்று எடுக்கிறார்கள். பெரும்பாலும் விறகு வியாபாரிக்குப் போகிறது. ஏழெட்டு வருடம் முன்னால் கிணத்துக்கடவு பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய வேம்பு சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த வீட்டு அம்மா சொன்னார்: ‘அம்மன் மரமுங்க தம்பி, நாங்களா வெட்ட மாட்டோம். தானா உளுந்துருச்சு. அடுப்புல வெக்கறதுக்குப் பதிலா நீங்க நாலு பேரு உக்கார்ற மாதிரி ஏதாச்சும் பண்ணிக்கிட்டா நல்லதுங்க.’ விறகு விலைதான் வாங்கினார். அந்த மரத்தில் ஒரு பெஞ்சு செய்து அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உருட்டு மரத்துக்கு அளவு வேறு மாதிரி. சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார்கள். அந்த வேம்புத் துண்டின் சுற்று 48 அங்குலம், நீளம் ஆறு அடி. நாலில் ஒன்று 12. பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு, அதை ஆறால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் ஆறு கன அடி. உண்மையில் அந்தத் துண்டின் கன அளவு ஏழரைக்கு மேல் வரும். இந்தக் கணக்கு முறையே கிட்டத்தட்ட 21 சதவீதத்தைத் தோலுக்கும் அறுப்புக்கும் விட்டுக்கொடுத்துவிடுகிறது. அப்படியும் ஆறு கன அடி பலகை வராது. என் அனுபவத்தில் மூன்றரை முதல் நாலு வரும். மரத்தின் விலை, குட்டியானை வண்டி வாடகை, மில்லில் அறுப்புக்கூலி மூன்றையும் கூட்டி, வருகிற பலகையால் வகுத்துப் பாருங்கள். அதுதான் அந்த மரத்தின் நிஜ விலை. இந்தக் கணக்கில் எனக்கு வேம்பும் வாகையும் தேக்கின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனதில்லை. வேறு ஊரில் அறுப்புக்கூலி கூடினால் இது மாறும்.

மில்லுக்குக் கொண்டுபோகும் முன் ஒன்று. சாலையோரத்து மரம் என்றால் பல மில்லில் வாங்க மாட்டார்கள். விளம்பரத் தட்டி அடித்த ஆணி தோலுக்குள் புதைந்து கிடக்கும், வாள் பல் உடையும். தோட்டத்து மரத்திலும் கொடிக்கம்பி கட்டிய ஆணி இருக்கும். உடைந்தால் காசு நாம்தான் தர வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

எந்த மரம் எதற்கு என்று கேட்பீர்கள். பழகுகிறவருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது வாகை. காங்கேயத்துச் செக்குகளில் உரலும் உலக்கையும் வாகையில் செய்வது சும்மா இல்லை, உழைக்கிற மரம். வைரம் நல்ல கரும்பழுப்பு. வீடியோவில் வால்நட் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் எண்ணெய் தேய்த்த வாகைப் பலகையை ஒருமுறை பார்க்க வேண்டும். தூங்குமூஞ்சி இதன் தங்கை மாதிரி, எடை குறைவு, அகலமான பலகை வரும், மேசைக்கு அருமை. இரண்டிலும் வெளிப்புற வெள்ளையை வண்டு அரிக்கும். இரண்டின் தூளும் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகக்கவசம் கட்டாயம். வேம்பு வலுவானது, ஆனால் இழை மாறி மாறி ஓடுவதால் இழைக்கும்போது பிய்யும். தகட்டை நன்றாகத் தீட்டி, மெல்லிசாக எடுக்க வேண்டும். பூவரசில் நீளம் கிடைக்காது, கோணலாக இருக்கும். சின்னப் பெட்டிக்கு அதைவிட அழகான மரம் நம் தோட்டத்தில் இல்லை. புளி கல். கறிக்கடைக் கட்டை அதில்தான் செய்கிறார்கள். காய்ந்த பிறகு கன அடி 25 கிலோ தாண்டும். தேக்கு 18 கிலோதான். அதில் ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தி) செய்துகொள்ளுங்கள், காலத்துக்கும் உழைக்கும். அதற்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். மாமரம் எல்லாவற்றையும்விட மலிவு; வெட்டியவுடன் அறுத்துக் காயவைக்காவிட்டால் கறை விழும், வண்டு விழும். தோட்டத்தில் வளர்த்த 15 வருடத் தேக்கு மலிவாகக் கிடைக்கும்போது ஆசையாக இருக்கும். பாதி வெள்ளையாக இருக்கும், அந்தப் பாதியில் தேக்கின் குணம் கிடையாது. மலைவேம்பை இப்போது நிறையப் பேர் பயிர் செய்கிறார்கள், பிளைவுட்டுக்குப் போகிறது. லேசான மரம், நீங்கள் கேட்கிற வேலைக்கு அது சரிப்படாது.

வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடுகிற சில்வர் ஓக்கை யாரும் மதிப்பதில்லை. பெட்டி அடிக்கிற மரம் என்பார்கள். அதை ஆரவாட்டத்தில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து தோலை நோக்கிப் போகிற மாதிரி அறுத்தால் பலகை முழுக்கப் பாம்புச்சட்டை போலப் பூ விழும். முதல்முறை இழைத்துத் தண்ணீர் துடைத்தபோது நானே நம்பவில்லை. சரியாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும், அது ஒன்றுதான் அதன் குறை. மேட்டுப்பாளையம் பக்கத்து டிப்போக்களில் பில்லோடு கேட்டுப் பாருங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோயில் தென்னைகள் போய்க்கொண்டிருக்கின்றன. பார்க்கவே மனது கஷ்டமாக இருக்கும். அந்த மரத்தின் வெளிவட்டம் மட்டும் கெட்டி, நடு வெறும் சோறு. வயதான மரத்தின் அடிப்பக்கத்தில் வெளிப்பக்கத்து இரண்டு அங்குலத்தை எடுத்தால் கரும்புள்ளி ஓடிய நல்ல சட்டம் கிடைக்கும். ஆனால் அதில் மணல் மாதிரி ஒரு சத்து இருக்கிறது, சாதாரண வாள் சீக்கிரம் மழுங்கிவிடும். கார்பைடு பல் வைத்த பிளேடு இல்லாமல் இறங்க வேண்டாம். இன்னொன்று, இயந்திரங்கள் வருகிற பெட்டிச் சட்டத்தை எடுப்பதாக இருந்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது, பயமில்லை, எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள்.

பெயர் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பர்மா தேக்கு என்று கடையில் அடித்துச் சொல்வார்கள். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கானா, நைஜீரியா தேக்கு பொய் இல்லை, அதே தேக்கு இனம்தான். ஆனால் சின்ன வயதில் வெட்டிய தோட்ட மரமாக வருவதால் வெள்ளை அதிகம். மலேசிய சால், கோங்கு, படாக் என்ற பெயர்களுக்கு அடியில் ஒரே இனம் வருகிறது என்று எண்ண வேண்டாம். பெயரை விட்டுவிட்டு எடை, இழை, ஈரம் பாருங்கள். வேங்கைக்கு மட்டும் ஒரு சோதனை வீட்டிலேயே உண்டு. வைரத்தின் சீவலைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவைத்து வெயிலில் பிடித்தால் நீல ஒளி தெரியும்.  மரங்களைப் பார்த்துப் பழக வேண்டும் என்றால் கோவை ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் வனக் கல்லூரி வளாகத்துக்குள் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. மரத்துண்டுகள் பெயரோடு அடுக்கியிருக்கும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கேயே நின்றிருக்கிறேன். திறந்திருக்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

சட்டம் பற்றி நான் வக்கீல் இல்லை, தொழிலில் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். சந்தனம், ஈட்டி (ரோஸ்வுட்) இரண்டையும் சின்னத் துண்டாக இருந்தாலும் காகிதம் இல்லாமல் வாங்குவதில்லை. மலைப் பகுதியில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். 1955-இலிருந்தே அதற்குத் தனிச் சட்டம் உண்டு. தோட்டத்து மரத்தை வண்டியில் ஏற்றும் முன் கிராம நிர்வாக அலுவலரையும், தேக்காக இருந்தால் வனச்சரக அலுவலகத்தையும் கேட்டுவிட்டே ஏற்றுங்கள். எந்த மரத்துக்கு என்ன சீட்டு என்பது அவ்வப்போது மாறுகிறது. வழியில் வண்டியை நிறுத்தினால் மரமும் போய் வண்டிக்காரரின் பிழைப்பும் கெடும்.

கடைசியாகக் காயவைப்பது. மலிவான மரத்தில் மிச்சப்படுத்திய காசு முழுவதும் இங்கேதான் தங்கும், அல்லது போகும். ஆரம்பத்தில் பத்துப் பலாப் பலகையை ஆசையாக வாங்கி வந்து பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லாம் வில்லாக வளைந்திருந்தது. அடியில் மாவு கொட்டியது போல மஞ்சள் தூள். வெள்ளைப் பகுதியெல்லாம் குண்டூசித் துளை. அதில் ஒரு பலகையை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாக வருகிற பையன்களுக்குக் காட்ட. அதற்கப்புறம் அறுத்து வந்த அன்றே இரண்டு நுனியிலும் பழைய பெயின்ட் அடித்துவிடுகிறேன். நுனி வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் வெடித்துவிடும். வண்டு விழுகிற மரம் என்றால் கையுறை போட்டுக்கொண்டு போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்துப் பூசுகிறேன். உணவு படுகிற பலகைக்கு இது கூடாது. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி வைத்து, குச்சிக்கு நேர் மேலே குச்சி வருகிற மாதிரி அடுக்கி, மேலே கனம் வைக்க வேண்டும். நிழல் வேண்டும். உங்கள் மாடியில் தகரக் கூரைக்கு அடியில் வைப்பதாக இருந்தால், ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற பக்கத்தைச் சாக்குப் படுதா கட்டி மறையுங்கள். அந்தக் காற்றில் ஒரே வாரத்தில் பலகை கீறிவிடும்.

அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் பக்கத்து வறண்ட காற்றில் ஓர் அங்குலப் பலகை ஆறு மாதத்தில் எனக்குத் தயாராகியிருக்கிறது. புளி, வேலம் போன்ற கெட்டி மரங்களுக்கு அது போதாது. ஈரம் பார்க்கிற மீட்டர் இருந்தால் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் காய்கறிக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு தொங்கு தராசு போதும். அடுக்கிலிருந்து எப்போதும் ஒரே பலகையை எடுத்து மாதம் ஒருமுறை நிறுத்து, அந்த எடையைத் தேதியோடு சாக்பீஸால் அதிலேயே எழுதுங்கள். கிணத்துக்கடவு வேம்பில் ஆறு அடி நீளம், எட்டு அங்குல அகலப் பலகை ஒன்றில் நான் எழுதியது இப்படிப் போனது: 9.6 கிலோ, 8.3, 7.5, 7.2, 7.1, மறுபடியும் 7.1. அந்த இரண்டாவது 7.1-ஐ எழுதிய மறுநாள் இழைப்புளியை எடுத்தேன்.